கொழும்பு மருத்துவபீடத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு: கைத்திறனும் வைத்தியர் என்ற தன்னுணர்வும் வளரும் வழி

உயர்தரப் பெறுபேறு வெளியான நாளிலிருந்தே ஊரில் உங்களை ‘டொக்டர்’ என்று அழைக்கத் தொடங்கியிருப்பார்கள். சித்தப்பா தமது சீனி வருத்தத்துக்குக் கொடுத்த மருந்துத் துண்டைக் கொண்டுவந்து காட்டியிருப்பார். அயல்வீட்டு அக்கா பிரஷர் மாத்திரையைக் காலையில் குடிப்பதா இரவில் குடிப்பதா என்று கேட்டிருப்பார். பட்டத்துக்கும் பதிவுக்கும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கும்போதே பெயர் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. அந்தப் பெயருக்கு உரியவர் பின்னால் மெதுவாகத்தான் உருவாகிறார். அவர் எவ்வாறு உருவாகிறார், அதற்கு ஒரு மாணவர் தாமாகவே என்னென்ன செய்யலாம் என்பவற்றை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். யாழ்ப்பாணம், வன்னி, மன்னார், மட்டக்களப்பு, மலையகம் ஆகிய இடங்களிலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையிலோ பொரளையிலோ அறை எடுத்துத் தங்கப்போகும் தமிழ் பேசும் மாணவர்களையே முதலில் மனத்தில் வைத்திருக்கிறேன். ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி மருத்துவபீடங்களில் படித்துக் களுபோவிலைக்கும் ராகமைக்கும் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

மருத்துவக் கல்வியைப் பற்றிப் பேசுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு படம் உண்டு. 1990இல் ஜோர்ஜ் மில்லர் என்ற அமெரிக்கக் கல்வியாளர், ஒரு வைத்தியரின் திறனை நான்கு தட்டுகள் கொண்ட பிரமிட்டாக வரைந்தார். அடியில் ஒன்றை அறிந்திருத்தல், அதற்கு மேலே அதை எப்படிச் செய்வது என்று அறிந்திருத்தல், அதற்கு மேலே செய்து காட்டுதல், உச்சியில் அன்றாடப் பணியில் உண்மையாகவே செய்தல். 2016இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் குரூஸ், சில்வியா குரூஸ், இவோன் ஸ்டைனர்ட் ஆகியோர் அதன்மேல் ஐந்தாவது தட்டு ஒன்றைச் சேர்த்தார்கள்: வைத்தியராக இருத்தல், அதாவது வைத்தியரைப் போல நினைப்பதும் நடப்பதும் உணர்வதும் ஒருவருடைய இயல்பாகிவிடுதல். அவர்கள் சேர்த்தது சரியானதே. ஆனால் புதிய மாணவர் அந்தப் படத்தைப் பார்த்து, முதலில் திறமை, பிறகு பரீட்சை, எல்லாம் முடிந்தபின் தன்னுணர்வு என்று வரிசைப்படுத்திக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. நான் வாட்டில் பார்த்தவரையில், ஐந்தாவது தட்டின் வேலை முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. நாடி பிடிக்கக் கற்கும்போதே, யாருடைய கையை எப்படிப் பிடிக்கிற ஆள் என்பதும் தீர்மானமாகிக்கொண்டு வருகிறது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த எண்ணத்தின்மேல் கட்டப்பட்டவை.

முதற்படி: வாட்டுக்குள் நுழையுமுன்

பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையில் பெரும்பாலும் பல மாதங்கள் காத்திருக்க நேர்கிறது. அந்தக் காலத்தில் உடற்கூற்றியல் நூலை வாங்கி மனனம் செய்யத் தொடங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. அதற்கான நேரம் பிறகு வேண்டாம் என்றாலும் கிடைக்கும். சிங்களம் பேசப் பழகுங்கள். விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடந்தாலும், தேசிய வைத்தியசாலையின் கட்டிலில் படுத்திருப்பவர் பெரும்பாலும் சிங்களத்தில்தான் தமது நோவைச் சொல்வார். ‘கொஹேத ரிதென்னே?’ என்று எங்கே நோகிறது என்பதையும், ‘கவதா இந்தலத?’ என்று எப்போதிலிருந்து என்பதையும், ‘பொட்டக் பலன்னத?’ என்று சற்றுப் பார்க்கலாமா என்பதையும் கேட்கத் தெரிந்தால் தொடங்குவதற்குப் போதும். இலக்கணப் பிழையை நோயாளர்கள் பொருட்படுத்துவதில்லை. அவர்களே திருத்திச் சொல்லித் தருவார்கள், அந்தத் திருத்தத்திலேயே பேச்சு இலகுவாகிவிடும். அவர்கள் சொல்லும் பதிலைப் புரிந்துகொள்வதுதான் கடினம். அதற்குப் பேருந்திலும் கடையிலும் கன்டீனிலும் காது கொடுத்துப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டாவதாக, ஹெப்பற்றைட்டிஸ் பி தடுப்பூசியைப் பற்றி ஆரம்பத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். வழமையான அட்டவணையில் மூன்று தடவைகள் போடப்படுகிறது: முதல் ஊசி, ஒரு மாதத்தின் பின் அடுத்தது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. கடைசி ஊசிக்கு ஒன்று அல்லது இரண்டு மாதங்களின் பின் குருதியில் எதிர்ப்பு உருவாகியிருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளலாம். இவ்வளவும் நீங்கள் முதன்முதலாக இரத்தம் எடுக்கும் நாளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதால், கணக்கை முன்கூட்டியே போட வேண்டும்.

பிறகு உடற்கூற்றியல் கூடம் வரும். அங்கே மேசையில் இருப்பவர் உயிரோடிருந்தபோது தம் உடலைத் தானம் செய்ய முடிவெடுத்தவர், அல்லது குடும்பத்தார் கொடுத்தவர். உங்களுடைய முதல் நோயாளர் அவரே. துணியை எப்படி விலக்குகிறீர்கள், வேலை முடிந்ததும் எப்படி மூடுகிறீர்கள், அவரைக் குறித்து அறையில் என்ன நகைச்சுவை பேசப்படுகிறது, நீங்கள் அதற்குச் சிரிக்கிறீர்களா என்பவையெல்லாம் பிற்காலத்து வாட்டுப் பழக்கங்களின் வித்துகள். கைத்தொலைபேசியை அந்த அறைக்கு வெளியே வைத்துவிடுவது நல்லது.

இரண்டாம் படி: இடத்தையும் ஆட்களையும் அறிதல்

1870இல் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரியின் தொடர்ச்சியாகிய இன்றைய பீடம் கின்சி வீதியில் இருக்கிறது. 1864இல் பொது வைத்தியசாலையாகத் தொடங்கிய தேசிய வைத்தியசாலை நடந்து போகும் தூரம். பிள்ளைகளுக்கு லேடி ரிஜ்வே, மகப்பேற்றுக்கு டி சொய்சா என்று சுற்றிலும் பெரிய வைத்தியசாலைகள் நிற்கின்றன. வாட்டில் யார் யார் என்பதை அறிவதுதான் இவற்றைவிட முக்கியம்: வாட்டுப் பொறுப்புத் தாதியான சிஸ்டர், தாதியர், சிற்றூழியர், உள்ளகப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் ஒபிசர், அவருக்கு மேலே, நிபுணராகப் பயிலும் ரெஜிஸ்ட்ரார், எல்லோருக்கும் மேலே விசேட வைத்திய நிபுணர். முதல் நாளில் நிபுணருக்கு வணக்கம் சொல்ல எல்லோரும் முண்டியடிப்பார்கள். நீங்கள் முதலில் சிஸ்டரிடம் போய், இன்ன பட்ச், இத்தனை வாரம் இங்கே இருப்போம் என்று சொல்லி, எந்த நேரத்தில் நோயாளர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரமும் மருந்து கொடுக்கும் நேரமும் மாணவருக்கு உரியவை அல்ல. எந்த நோயாளர் இரவு முழுவதும் தூங்கவில்லை, யாரைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை என்பவை நோயாளரின் வாட்டுக் குறிப்பேடாகிய பெட் ஹெட் டிக்கெட்டில் எழுதப்பட்டிருப்பதில்லை. தாதியருக்கும் சிற்றூழியருக்கும் தெரிந்திருக்கும்.

மூன்றாம் படி: உங்களை அறிமுகப்படுத்துதல்

இதை ஒரு தனிப்படியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. பிரித்தானியாவில் கேட் கிரேஞ்சர் என்ற வைத்தியர் தாமே புற்றுநோயாளராக வைத்தியசாலையில் இருந்தபோது, தம்மைப் பார்க்க வந்த ஊழியர்கள் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று கவனித்தார். 2013இல் அவர் தொடங்கிய, பெயரைச் சொல்லி அறிமுகமாகும் இயக்கம் அந்நாட்டுச் சுகாதார சேவை முழுவதும் பரவியது.

இங்கே மாணவருக்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வெள்ளைக் கோட்டைக் கண்டதும் நோயாளர் ‘டொக்டர்’ என்கிறார்; அதைக் கேட்க இனிமையாகவும் இருக்கிறது, திருத்துவதற்கு நேரமும் இல்லை. திருத்துங்கள். “வணக்கம் ஐயா, எனக்குப் பெயர் இன்னது. நான் இன்னும் படிக்கிற மாணவன். உங்களிடம் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு, விருப்பமென்றால் ஒருக்கால் சோதித்துப் பார்க்கலாமா?” என்று ஒவ்வொரு தடவையும் முழுமையாகச் சொல்லுங்கள். “வேண்டாம் தம்பி, களைப்பாக இருக்கு” என்று அவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகலாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பதால், வாட்டில் இருப்பவர் மாணவருக்கு உடம்பைக் காட்டக் கடமைப்பட்டவர் என்ற எண்ணம் சொல்லாமலே பரவியிருக்கிறது. அது தவறு. மறுப்பதற்கு உண்மையில் இடம் கொடுத்துக் கேட்டால்தான் அது அனுமதி. பத்துப் பேர் கட்டிலைச் சூழ்ந்து நின்றுகொண்டு கேட்பது பெயரளவுக்குத்தான்.

முதியவர்களைப் பெயர் சொல்லி அழைக்காமல் அவரவர் வழக்கப்படி ஐயா, அம்மா, ஆச்சி என்று அழையுங்கள். முஸ்லிம் நோயாளர் என்றால் நானா, உம்மா என்ற முறைகளும் பழகிவிடும். எதுவும் தெரியாவிட்டால், எப்படிக் கூப்பிடுவது என்று அவரிடமே கேட்கலாம்.

நான்காம் படி: கேட்டல்

நோய் வரலாறு எடுப்பதே மாணவர் முதலில் கற்கும் திறன். கடைசிவரை முழுதாகக் கைவராத திறனும் அதுவே. 1984இல் ஹவார்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கல் ஆகிய இருவரும் வைத்தியர்களின் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, நோயாளர் தம் கதையைத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளிலேயே வைத்தியர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று கண்டார்கள். அனுபவமுள்ளவர்களே அப்படி என்றால், கையில் ஒரு கேள்விப் பட்டியலை வைத்துக்கொண்டு நிற்கும் இரண்டாமாண்டு மாணவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முதற் கேள்வியைக் கேட்டபின் பேனையை மூடி வைத்துவிட்டு, அவர் தாமாக நிறுத்தும்வரை காத்திருப்பதை ஒரு பயிற்சியாகவே செய்யுங்கள்.

தமிழ் நோயாளரிடம் பேசும்போது நமக்கு மொழிச் சிக்கல் இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. யாழ்ப்பாணத்து முதியவர் ‘சத்தி’ என்பதை ஹற்றனிலிருந்து வந்த தொழிலாளி ‘வாந்தி’ என்பார். ஒருவருக்கு இழுப்பு, இன்னொருவருக்கு முட்டு, வேறொருவருக்கு மூச்சு வாங்குகிறது. ‘நெஞ்சுநோ’ என்று வந்தவரிடம் அது குத்துகிறதா, எரிகிறதா, இறுக்கிப் பிடிக்கிறதா, உளைகிறதா என்று பிரித்துக் கேட்டால்தான் இதயமா, இரைப்பையா, தசையா என்ற திசை புலப்படும். ஆங்கிலத்தில் படித்த சொற்களை மனத்துக்குள் மொழிபெயர்த்துக் கேட்கும் மாணவர் இங்கேதான் தடுமாறுகிறார். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர், மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே மாணவர்களுக்குக் கற்பித்தார். நோயாளரோடு பேசப்போகிறவர் அவருடைய மொழியில் சிந்திக்க வேண்டும் என்பதை அந்தக் காலத்திலேயே ஒருவர் உணர்ந்திருக்கிறார். நீங்கள் ஒரு சிறு குறிப்பேட்டில், நோயாளர்கள் பயன்படுத்திய சொற்களை அவர்கள் சொன்னபடியே, தமிழிலும் சிங்களத்திலும், எழுதிச் சேர்த்து வாருங்கள். ஒரு வருடத்தில் அது எந்தப் பாடநூலிலும் கிடைக்காத அகராதியாகிவிடும்.

மருந்து வரலாற்றில் நாட்டு மருந்தையும் கசாயத்தையும் கேட்க மறக்காதீர்கள். கேட்கும் தொனியில் ஏளனம் இருந்தால் ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலே வரும். அதுபோலவே மதுவையும் புகையையும் பற்றி, மனைவி கட்டிலருகில் நிற்கும்போது கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்று. தனியே கேட்டால் கிடைப்பது வேறொன்று.

ஐந்தாம் படி: கைகள்

ஒவ்வொரு செயல்முறையையும் எப்படிக் கற்பது என்பதற்கு, 1998இல் ரொட்னி பெய்ட்டன் வகுத்த நான்கு நிலைகள் இன்றும் நல்ல வழி. கற்பிப்பவர் முதலில் பேசாமல் வழமையான வேகத்தில் செய்து காட்டுகிறார். அடுத்து ஒவ்வொரு படியையும் விளக்கிக்கொண்டு மெதுவாகச் செய்கிறார். மூன்றாவதாக மாணவர் படிகளைச் சொல்லச் சொல்லக் கற்பிப்பவர் செய்கிறார். கடைசியாக மாணவர் தாமே சொல்லிச் செய்கிறார். மூன்றாவது நிலையைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். ஹவுஸ் ஒபிசர் அவசரத்தில் இருப்பார், ஒரு தடவை காட்டிவிட்டு ஊசியைக் கையில் தந்துவிடுவார். ஆகவே திறன் ஆய்வுகூடத்தில் பட்ச் நண்பர் ஒருவரோடு சேர்ந்து, அவர் செய்ய நீங்கள் சொல்லியும், நீங்கள் செய்ய அவர் சொல்லியும் பழகிக்கொண்டு வாட்டுக்குப் போங்கள். செயற்கைக் கையில், நாளத்துள் செலுத்தும் சிறு குழாயான கனியூலா போடும்போதும் “இப்போது கொஞ்சம் குத்தும் அம்மா” என்று வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

எளிமையானவை என்று எல்லோரும் நினைக்கும் அளவீடுகளில் ஒழுங்காக இருப்பதுதான் உண்மையான சோதனை. இரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளர் ஐந்து நிமிடமாவது அமைதியாக இருந்திருக்க வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். கையில் சுற்றும் பட்டியினுள் இருக்கும் காற்றுப்பை மேற்கையின் சுற்றளவில் ஏறத்தாழ 80 சதவீதத்தைச் சுற்ற வேண்டும். முதலில் நாடியைத் தொட்டுக்கொண்டு பட்டியை ஊதி, நாடி மறையும் அளவைப் பார்த்து, அதற்கு மேல் 30 மில்லிமீற்றர்வரை ஏற்றி, விநாடிக்கு 2 மில்லிமீற்றர் வேகத்தில் இறக்க வேண்டும். ஒலி தொடங்குவது மேல் அளவு, முற்றாக மறைவது கீழ் அளவு. நாடியைத் தொட்டுப் பார்க்காமல் நேரே ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், சிலரிடம் இடையில் ஒலி மறைந்து மீண்டும் வரும் இடைவெளியில் ஏமாந்து, மேல் அளவை மிகக் குறைத்து எழுதிவிடலாம். சுவாச வீதத்தையும் அப்படியே ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும், அதுவும் நோயாளருக்குத் தெரியாமல். நாடி பிடித்திருக்கும் பாவனையிலேயே மார்பைப் பார்த்து எண்ணலாம். பார்க்காமலே ‘பதினெட்டு’ என்று எழுதும் வழக்கத்தை எங்கேயாவது கண்டால், அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

கொழும்பில் இது வெறும் ஒழுக்கப் பாடம் மட்டுமாக நின்றுவிடுவதில்லை, ஏனென்றால் தென்மேற்குப் பருவமழையோடு டெங்கு நோயாளர்கள் வாட்டை நிறைத்துவிடுவார்கள். டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சலில், பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையில்தான் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியும் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. அது வழமையாக 24 முதல் 48 மணித்தியாலங்கள் நீடிக்கும். வீட்டார் ‘காய்ச்சல் விட்டுவிட்டது’ என்று ஆறுதலடையும் அந்த நேரத்தில், மேல் அழுத்தம் அதிகம் மாறாமல் கீழ் அழுத்தம் மெல்ல ஏறி, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு குறுகிக்கொண்டு வரும். அது 20 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் கீழே போனால் அதிர்ச்சி நிலையின் அடையாளம். நோயாளர் அப்போதும் எழுந்திருந்து பேசிக்கொண்டிருக்கலாம். எனவே 100க்கு 80 என்று ஒரு மாணவர் ஒழுங்காக அளந்து, அதன் பொருளை உணர்ந்து, உடனே ஹவுஸ் ஒபிசரிடம் ஓடிச் சொல்வது அந்த வாட்டில் அன்று நடக்கும் மிகப் பெரிய காரியமாக இருக்கக்கூடும். ஒரு தடவை அப்படி நடந்துவிட்டால், தான் வெறும் பார்வையாளர் என்ற எண்ணம் அந்த மாணவரிடமிருந்து போய்விடும். திறனும் தன்னுணர்வும் சேர்ந்து வளர்கின்றன என்று மேலே சொன்னது இதைத்தான்.

கை கழுவுதலைப் பற்றி ஒரு வரலாறு. 1847இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிரசவித்த தாய்மார் காய்ச்சலால் அதிகம் இறப்பது மருத்துவ மாணவர்களும் வைத்தியர்களும் பணிபுரிந்த பிரிவில்தான் என்று கவனித்தார். மருத்துவமாதுகள் பயின்ற மற்றப் பிரிவில் இறப்பு மிகக் குறைவு. பிணப் பரிசோதனைக் கூடத்திலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்த கைகளே காரணம் என்று முடிவெடுத்து, குளோரின் கலந்த நீரில் கழுவ வைத்தார், இறப்புகள் சரிந்தன. அந்தக் கதையில் வரும் மாணவர்கள் நம்மவர்களே. உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐந்து தருணங்களை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: நோயாளரைத் தொடுமுன், தொற்றுநீக்கிய செயல்முறைக்கு முன், உடற்திரவம் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளரைத் தொட்டபின், அவருடைய கட்டிலையோ மேசையையோ தொட்டபின். மதுசாரத் திரவத்தால் 20 முதல் 30 விநாடி, சவர்க்காரமும் நீருமென்றால் 40 முதல் 60 விநாடி. ஐந்தாவது தருணத்தையே எல்லோரும் மறக்கிறார்கள்.

ஊசி குத்திவிட்டால் பிதுக்க வேண்டாம். ஓடும் நீரில் சவர்க்காரத்தால் கழுவி, உடனே பொறுப்பானவரிடம் சொல்லுங்கள். எச்ஐவிக்கான தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணித்தியாலங்களுக்குள் தொடங்குவதே சிறந்தது. 72 மணித்தியாலங்களுக்குப் பின் தொடங்குவதில் பயனில்லை. வெட்கத்தில் மறைப்பவர்களே இதில் பாதிக்கப்படுகிறார்கள்.

ஆறாம் படி: எல்லைகளை அறிதல்

ஆண் மாணவர் பெண் நோயாளரைச் சோதிக்கும்போது ஒரு தாதியோ பெண் மாணவியோ உடன் இருக்க வேண்டும். திரையை இழுத்துவிட வேண்டும். தேவையான அளவுக்கு மேல் ஆடையை விலக்கக்கூடாது. வாட்டில் அறிந்ததைப் பேருந்திலும் அறையிலும் பேசக்கூடாது. பெயரை மறைத்துவிட்டால் போதும் என்று வாட்ஸ்அப்பில் எக்ஸ்ரே படங்களைப் போடும் பழக்கம் பெருகியிருக்கிறது. தமிழ்ச் சமூகம் சிறியது, கொழும்பில் இன்னும் சிறியது, வயதும் ஊரும் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மிகவும் சிக்கலான தருணம் ஒன்று மாலைப் பார்வை நேரத்தில் வரும். தமிழ் மாணவர் ஒருவரைக் கண்டதும் உறவினர்கள் அவரை ஓரமாக அழைத்து, “தம்பி, நீங்கள் எங்கட ஆள், அப்பாவுக்கு என்ன வருத்தம் என்று உள்ளதைச் சொல்லுங்கோ” என்பார்கள். அல்லது, “அம்மாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லிப்போடாதேங்கோ” என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் மாணவர் பதில் சொல்லக்கூடாது. ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்று நழுவுவதும் பொய்யாகும். “நான் மாணவன், அதைச் சொல்லும் பொறுப்பு எனக்கு இல்லை, வாட்டு டொக்டரிடம் நீங்கள் கதைக்க விரும்புவதை நான் அவரிடம் சொல்லுகிறேன், வாருங்கோ” என்று சொல்லி அழைத்துச் செல்லுங்கள். சிங்களம் தெரியாமல் தவிக்கும் குடும்பத்துக்கும் வாட்டு வைத்தியருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பதும் உங்களிடம் வந்து சேரும். அப்போது இருபக்கம் சொல்வதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். மனம் நோகும் என்று மென்மைப்படுத்தினால், குடும்பத்தார் தவறான தகவலை வைத்து முடிவெடுப்பார்கள்.

ஏழாம் படி: யாரைப் பார்த்து வளர்வது

பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பாடத்திட்டம் வாட்டுகளில் நடக்கிறது. மருத்துவக் கல்வி ஆய்வாளர்கள் அதை மறைமுகப் பாடத்திட்டம் என்கிறார்கள். நோயாளரைக் ‘கட்டில் பன்னிரண்டு’ என்று சொல்வதையும், தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லிச் சமாளிப்பதையும் யாரும் விரிவுரையில் கற்பிப்பதில்லை, ஆனாலும் மாணவர்கள் கற்றுவிடுகிறார்கள். முழுமையான முன்மாதிரி ஒருவரைத் தேடி அலைய வேண்டாம். ஒருவரிடமிருந்து கேள்வி கேட்கும் முறை, இன்னொருவரிடமிருந்து வயிற்றைச் சோதிக்கும் கை, கிளினிக்கில் நூறாவது நோயாளரையும் உட்காரச் சொல்லும் ஒருவரிடமிருந்து அந்தப் பொறுமை என்று பிரித்தெடுத்துக்கொள்ளுங்கள்.

பகிடிவதையைப் பற்றி நீட்டி எழுத எதுவுமில்லை. அது 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். அவமானப்பட்டால்தான் சகோதரத்துவம் வரும் என்ற வாதத்தை நம்பி வளர்ந்தவர், பிற்பாடு தமக்குக் கீழே இருக்கும் ஹவுஸ் ஒபிசரிடமும் அதையே செய்வார்.

சமூக மருத்துவப் பயிற்சிக்காகச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு அனுப்பும்போது, பலர் அதை ஓய்வு நாளாக நினைக்கிறார்கள். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு தொடங்கப்பட்டதிலிருந்து, வீடு வீடாகப் போகும் மருத்துவமாதுக்களின் உழைப்பில்தான் இந்நாட்டின் தாய் சேய் நலம் நிற்கிறது. அவர்களில் ஒருவரோடு கொழும்பில் தோட்டம் என்று அழைக்கப்படும் நெருக்கமான நகரக் குடியிருப்பு ஒன்றினுள் நடந்து பாருங்கள். வாட்டில் ‘மருந்தை ஒழுங்காகக் குடிப்பதில்லை’ என்று எழுதப்பட்டவர் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறார் என்பது தெரியும்.

எட்டாம் படி: எழுதுதலும் பின்னூட்டமும்

கிழமைக்கு ஒரு தடவை, அரைப் பக்கம். என்ன நடந்தது, அப்போது என்ன உணர்ந்தீர்கள், எது சரியாகப் போயிற்று, அடுத்த தடவை என்ன மாற்றுவீர்கள் என்று எழுதுங்கள். நோயாளரின் பெயரோ கட்டில் எண்ணோ வேண்டாம். புள்ளிக்காக எழுதிக் கொடுக்கும் சிந்தனைக் குறிப்புகள் பெரும்பாலும் பொய்யாகிவிடுகின்றன என்பது என் கருத்து. ஆகவே ஒருவருக்கும் காட்டாத ஒன்றையும் வைத்திருங்கள். பின்னூட்டம் கேட்கும்போது ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்பதே பதில். ‘ஈரலைத் தொட்டுப் பார்க்கும்போது என் கை எங்கே பிழை?’ என்று கேட்டால், ரெஜிஸ்ட்ரார் உங்கள் கையைப் பிடித்துக் காட்டுவார்.

ஒன்பதாம் படி: உங்களைப் பார்த்துக்கொள்வது

ஊரில் முதலாவதாக வந்தவர்கள் எல்லோரும் ஒரே மண்டபத்தில் கூடும்போது, அவர்களில் பாதிப்பேர் பட்ச்சின் கீழ்ப்பாதியில் இருந்தே ஆக வேண்டும். ‘நான் தவறுதலாக இங்கே வந்துவிட்டேன், ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள்’ என்ற எண்ணத்தை 1978இலேயே போலின் கிளான்ஸ், சுசான் இம்ஸ் ஆகிய உளவியலாளர்கள் விவரித்திருக்கிறார்கள். அது மிகப் பரவலானது. முதன்முதலாக ஒரு மரணத்தை வாட்டில் கண்ட அன்று அறைக்குப் போய்ப் புத்தகத்தைத் திறக்க வேண்டாம், யாரிடமாவது பேசுங்கள். தூக்கமின்மையும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு கிழமைகளுக்கு மேல் நீடித்தால் உதவி தேடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் மாணவர்களுக்கும் உரியது. வருத்தம் வந்தால் வைத்தியரிடம் போகக் கூச்சப்படும் வைத்தியர்கள் ஏற்கனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

இறுதிப்படி: உள்ளகப் பயிற்சியை நோக்கி

இறுதியாண்டில் பேராசிரியர் அலகுகளில் இருக்கும்போது, நீங்கள் இனி ஹவுஸ் ஒபிசரின் நிழல். இறுதிப் பரீட்சைக்குப் பின் இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு பெற்று ஒரு வருட உள்ளகப் பயிற்சியை முடித்தால்தான் முழுப் பதிவு. அந்த ஒரு வருடத்துக்கு உங்களைத் தயார்படுத்துவது பரீட்சையின் குறுகிய நோயாளர் சோதனைகளில் (குறுகிய கேஸ்களில்) நீங்கள் வாங்கும் புள்ளியைவிட, ஓர் இரவுக் கடமையை முழுதாக உடனிருந்து பார்ப்பதே. மாதத்தில் ஓர் இரவாவது, அனுமதி பெற்று, விடியும்வரை இருங்கள்.

அங்கே கற்க வேண்டியவற்றில் முதன்மையானது, அதிகாலை இரண்டு மணிக்கு மேலதிகாரியைத் தொலைபேசியில் எழுப்பும் முறை. முதலில் நீங்கள் யார், எந்த வாட்டு, எந்த நோயாளர், இப்போது என்ன பிரச்சினை என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். அடுத்து அவர் எதற்காக அனுமதிக்கப்பட்டார், இதுவரை என்ன செய்யப்பட்டது. மூன்றாவதாக, இப்போதைய நாடி, அழுத்தம், சுவாச வீதம், சிறுநீரின் அளவு, அவற்றிலிருந்து நீங்கள் என்ன நினைக்கிறீர்கள். கடைசியாக, அவர் வர வேண்டுமா, ஆலோசனை போதுமா என்று உங்களுக்குத் தேவையானதை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். இதை நண்பரோடு விடுதி அறையிலேயே பழகலாம்: ஒருவர் தூக்கக் கலக்கத்தில் எரிச்சலோடு பேசும் ரெஜிஸ்ட்ராராக நடிக்கட்டும். அவர் சொல்லும் அறிவுறுத்தலைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டு, தொலைபேசியை வைத்ததும் நேரத்தையும் சொல்லப்பட்டதையும் பெட் ஹெட் டிக்கெட்டில் எழுதுங்கள். பிறகு கட்டிலருகே திரும்பிப்போய் அழுத்தத்தை மீண்டும் எடுத்துப் பாருங்கள்.